பெஹிஸ்தூன் பாறையும் பரிந்துரைச் சீட்டும்

முப்பத்தைந்து வருடம் நான் பாரசீக மொழியில் வேலை பார்த்தேன். அது பாரசீகம் என்று தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். தாசில்தார், ஜமாபந்தி, தர்காஸ்து, தஸ்தாவேஜு, பந்தோபஸ்து என்று நாள் தவறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற முதல் வருடம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், தாசில்தார் என்ற சொல்லில் வால் போல ஒட்டியிருக்கும் 'தார்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். பிடித்து வைத்திருப்பவன் என்று அர்த்தமாம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஈரானில் மலைப்பாறையில் வெட்டிய எழுத்தில் அதே வேர் இருக்கிறது. நாடுகளை நான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று ஓர் அரசன் சொல்கிறான். எங்கள் துறையை இதைவிடச் சரியாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

அந்த வால் என்னை எழுத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பழைய பாரசீகத்தை எழுதிய ஆப்பெழுத்தில் ஒலிக்குறிகள் முப்பத்தாறுதான். ஆணியின் தலையும் வாலும் போல, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூர்மையாக முடியும் வெட்டுகள். நிற்கிற வெட்டு, படுக்கிற வெட்டு, இரண்டு சேர்ந்த மூலை வெட்டு. ஒரு சொல் முடிந்தால் சாய்வாக ஒரு வெட்டு. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு படித்துத் தேறியவனுக்கு முப்பத்தாறு என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. இந்த வயதில் புது எழுத்து மூளையில் தங்குவது, ஆக்கிரமிப்பு நிலத்துக்குப் பட்டா வாங்குவதைப் போல. இன்றைக்குக் கிடைத்த மாதிரி இருக்கும், நாளைக்கு ரத்தாகியிருக்கும்.

நான் இருப்பது உத்தமபாளையத்தில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஆகவே என் படிப்பைக் கேலி செய்யக்கூட வீட்டில் ஆள் கிடையாது. பெஹிஸ்தூன் பாறையின் படங்களைப் பெரிதாக அச்சடிக்க ஒருநாள் கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் ஏலக்காய் மணம்.

"இந்த மலைய நான் பாத்திருக்கேன்" என்றார்.

யாரோ வேலையற்றவர் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "இதுக்கு அடியில ஒரு ஊத்து இருக்கு. தண்ணி பச்சக்கலரா இருக்கும். அங்கன வச்சுத்தான் டீ குடிச்சோம்."

உண்மைதான். பாறையின் அடியில் ஊற்று உண்டு. அவர் கம்பத்து ராவுத்தர், ஏலக்காய் வியாபாரி. வயதுக்காலத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டு, சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளம் வயதில் ஏலக்காய் மாதிரிப் பொட்டலங்களோடு ஈரானுக்குப் போயிருக்கிறார். லாரியில் மேற்கே போகும்போது அந்த மலையடியில் வண்டி நின்றிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் மேலே பாறையில் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசை வரிசையாகக் கோடுகள். என்ன எழுதியிருக்கிறது என்று டிரைவரிடம் கேட்டதற்கு, ராஜா யாரையோ கொன்றதாக எழுதியிருக்கிறது, ஏறு வண்டியில் என்றானாம். ஐம்பது வருடமாக இவருக்கு அது உறுத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் போய் யார் யாரைக் கொன்றதாக எழுதினார்கள்? கீழே நிற்கிறவனுக்குத் தெரியாதபடி எதற்காக எழுதினார்கள்?

அரசாங்க அறிவிப்பு எல்லாமே அப்படித்தான் என்றேன். சிரித்தார். அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் காலையில் நான் பஸ் ஏறிக் கம்பம் போவதும், அவர் வீட்டு முன்னறையில் இரண்டு பேரும் பாறையைப் படிப்பதும் வழக்கமாயிற்று. நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைத் தாசில்தாரே என்பார். அந்தக் கூப்பிடலில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

அவர் என்னைவிட வேகமாகப் படித்தார். அரபு எழுத்தும் கொஞ்சம் பாரசீகப் பேச்சும் தெரிந்தவர். வலது பக்கத்திலிருந்து படித்துப் பழகிய கண் முதல் ஒரு வாரம் தடுமாறியது, அவ்வளவுதான். ஒரு அமர்வுக்கு மூன்று வரி. நான் எழுத்தைச் சொல்ல, அவர் ஒலியைச் சொல்ல, அகராதியில் இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்.

"இன்னைக்கு ராசா என்ன சொல்றாக?" என்று ஆரம்பிப்பார்.

"நான்தான் ராசாங்கிறாரு."

"அதத்தான் போன வாரமும் சொன்னாக."

அந்தக் கல்வெட்டில் ஒவ்வொரு பகுதியும் 'அரசன் சொல்கிறான்' என்றுதான் தொடங்கும். அரசனின் பெயர், பட்டம், சொல்கிறான். அதற்குப் பிறகுதான் விஷயம். முதலில் அதையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான்தான் அவருக்குத் தாண்டிப் போகக் கற்றுக்கொடுத்தேன். "பாய், இது முகப்பு வாசகம். நாங்க 'பார்வையில் காணும் கடிதத்தின்படி'ன்னு எழுதுவோம்ல, அது மாதிரி. கண்ணு இதுல நிக்கவே கூடாது. எது எல்லாத்துலயும் இருக்கோ அதுல விஷயம் இருக்காது."

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. முப்பத்தைந்து வருட அனுபவம். ஒரு கோப்பை எடுத்தால் எந்த வரியைப் படிக்கக் கூடாது என்று தெரிந்தவன்தான் நல்ல அதிகாரி. இந்த எழுத்தின் புதிரை முதன்முதலில் உடைத்தவர்களும் முகப்பு வாசகத்தை வைத்துத்தான் உடைத்தார்கள். இன்னார் மகன் இன்னார், பேரரசன், அரசர்க்கரசன் என்று எல்லா அரசனும் ஒரே மாதிரிதான் எழுதுவான் என்று ஊகித்து, அந்த அச்சில் எழுத்துகளைப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. ஒரு தலைமைக் குமாஸ்தா செய்திருக்கக்கூடிய வேலை என்று நினைத்தேன்.

பாறையில் எழுத்து ஐந்து நீளப் பத்திகளாக இருக்கிறது. முதல் பத்தியின் நடுவில் நாங்கள் இருந்தபோதுதான் சீட்டு வந்தது.

பாய்க்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஒரு வாரமாக இடது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது, ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். தனியாகப் போய்க் காட்டிவிட்டு, திரும்பி வருகிற வழியில் உத்தமபாளையத்தில் இறங்கி என் வீட்டுக்கு வந்தார். சொட்டு மருந்து போட்டதில் இரண்டு கண்ணும் கலங்கியிருந்தன. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"டாக்டர் பொண்ணு என்னமோ சொல்லுச்சு. கூட்டம், சத்தம். ஒண்ணும் காதுல ஏறல. என்ன போட்டிருக்காகன்னு படிங்க."

எனக்குச் சீட்டு படிப்பது புதிதில்லை. எங்கள் தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. இடது கண். இரண்டு எழுத்துச் சுருக்கம் ஒன்று. மேக்குலா ஆன் என்று ஒன்று. மதுரை, விழித்திரைப் பிரிவு. கடைசியில் அர்ஜென்ட், அதன் கீழே இரண்டு கோடு.

எங்கள் அலுவலகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோப்பின் மேல் குத்துவதற்கென்று சிவப்புச் சீட்டு அச்சடித்து வைத்திருப்போம். அவசரம் என்று ஒன்று, மிக அவசரம் என்று ஒன்று, உடனடி என்று ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே சீட்டுக் குத்தாத கோப்பு கிடையாது. குத்தாவிட்டால் நகராது என்று எல்லாரும் குத்துவார்கள். எல்லாரும் குத்துவதால் யாரும் பார்க்க மாட்டார்கள். குடிதண்ணீர்க் குழாய் உடைந்தாலும் மிக அவசரம், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும் மிக அவசரம். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் வரும். போன் வராத அவசரம் என்பது அடுத்த வாரம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. கண் பழகிவிடும், சிவப்பு நிறமே தெரியாது.

அந்தச் சீட்டில் இருந்த அர்ஜென்ட்டை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு கோட்டையும் பார்த்தேன். மருத்துவமனையின் முகப்பு வாசகம் என்று தாண்டிப் போனேன்.

"மதுரைக்குப் போகச் சொல்லியிருக்காங்க. விழித்திரை டாக்டர்ட்ட காட்டணுமாம்."

"எப்ப போகணுமாம்?"

"தேதி ஒண்ணும் போடல."

இது பொய் இல்லை. தேதி போடவில்லைதான். இப்படிப்பட்ட உண்மைகளை எழுதித்தான் நான் பதவி உயர்வு வாங்கினேன்.

"அறுப்பு கிடக்கு" என்றார் பாய். "பழம் பழுத்துப்போச்சு, மழ வந்தா வெடிச்சிரும். முடிச்சிட்டு வர்ற வாரம் போவமா?"

"போவோம். நானும் வர்றேன்."

அவர் நிம்மதியாகக் காப்பி குடித்தார். சீட்டை மடித்து என் அகராதிக்குள் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று. மேக்குலா என்றால் என்ன என்று அந்த அகராதியில் இருக்காது. வேறு இடத்தில் தேடவும் இல்லை. தாசில்தாரின் வாலுக்காக ஒரு வருடம் புத்தகம் புரட்டியவன் நான்.

அடுத்த சனிக்கிழமை அவர் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்துப் படித்தார். கழுத்து வலியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். செவ்வாய்க்கிழமை முகத்தையே திருப்பி வைத்துப் படித்தார். வரியின் பிற்பாதியை விட்டுவிட்டுப் படிக்கிறார் என்று கவனித்தேன். நானே படித்துச் சொன்னேன். அன்றைக்குத்தான் அரசன் தன் எதிரியைக் கோட்டைக்குள் வைத்துக் கொன்ற இடம் வந்தது. பாய் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "ஆக, இந்த ஆளத்தான் கொன்னதா எழுதியிருக்காக. அந்த டிரைவரு சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். ஐம்பது வருடத்து உறுத்தல் அன்றோடு தீர்ந்தது. அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சீட்டு வாங்கிய பதினோராவது நாள் மதுரைக்குப் போனோம். உசிலம்பட்டியில் இறங்கி டீ குடித்தோம். டீக்கடைப் பையன் நீட்டிய டம்ளர் தெரியாமல் அவர் காற்றைப் பிடித்தார்.

மதுரையில் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கருவிக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். முகாம் தேதியைப் பார்த்தார்.

"இத வாங்கி இத்தன நாள் ஆச்சா? விழித்திரை பிரிய ஆரம்பிச்சப்பவே பாத்து அனுப்பியிருக்காங்க. நடுப்பகுதி, மேக்குலா, அப்ப ஒட்டியிருந்திருக்கு, அதத்தான் எழுதியிருக்காங்க. அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இப்ப அதுவும் விட்டுப்போச்சு. ஏன் வரல?"

நான் பாய்க்குப் பக்கத்து நாற்காலியில் ஆஸ்பத்திரிக் காகிதக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசாரணையில் எதிர்த்தரப்பு தானே ஒப்புக்கொண்டால் நாம் பேசக் கூடாது என்பது நடைமுறை.

"தோட்டத்துல அறுப்பும்மா" என்றார் பாய். "நான்தான் தள்ளிப் போட்டேன். என் தப்புத்தான்."

டாக்டர் அவரைத் திட்டினார். படித்த ஆளைக் கூட வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று என்னைக் காட்டியே திட்டினார். பாய் எனக்காகப் பரிந்து பேசினார். "அவுக மேல ஒண்ணும் இல்லம்மா, அவுகதான் இழுத்துட்டு வந்தாக."

அறுவை நடந்தது. இடது கண்ணில் கை ஆடினால் ஆடுவது தெரியும், அவ்வளவுதான் மிச்சம். பாயின் மகன் துபாயில் இருந்தார். மருமகள் கம்பத்தில் கணக்கு டீச்சர். லீவு போட்டுவிட்டு வந்து, டாக்டர் சொன்னபடி பத்து நாள் மாமனாரைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க இல்லாட்டி மாமா என்ன பண்ணியிருப்பாக சார்" என்றாள். அந்த வார்த்தையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வலது கண்ணும் மங்கலாகத்தான் இருந்தது. முகம் தெரியும், கதவு தெரியும், பெரிய எழுத்து தெரியும். ஆப்பெழுத்தின் சின்னச் சின்ன வெட்டுகள் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. இனி முடியாது என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை.

"கல்லுல வெட்டுனதுதான? தடவிப் பாத்தாத் தெரியாதா?"

செங்கல் காளவாசலிலிருந்து களிமண் வாங்கிவந்தேன். மூங்கில் குச்சியைச் சதுரமாகச் சீவி முனையால் அழுத்தினால் ஆப்பு விழும். தலை அகலமாக, வால் கூர்மையாக. பாபிலோனில் களிமண்ணில்தான் எழுதினார்கள். இந்த அரசன்தான் கல்லைத் தேடிப் போனவன். நான்கு வரி எழுதி, நிழலில் காயவைத்து, துண்டில் சுற்றிக் கம்பத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டார். அரசன் என்பதால் நான் வாங்கவில்லை.

பாய் ஆள்காட்டி விரலால் தடவினார். முதல் எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆனது. பத்தாவது எழுத்துக்கு வரும்போது உதடு அசைந்து ஒலி தானாக வந்தது. 'அரசன் சொல்கிறான்' என்ற இடத்தைத் தாண்டாமல் முழுதாகத் தடவினார். நான்கு வரியும் முடித்துவிட்டு மறுபடி ஆரம்பத்துக்குப் போனார். எதையோ தேடினார்.

"தாசில்தாரே, இந்த இடத்துல பாற ஒடஞ்சிருக்கும்ல? தண்ணி ஓடி அரிச்சுப்போன எடம்னு படத்துல காட்டுனீகளே."

"ஆமா, மூணாவது வரில பாதி இருக்காது."

"இதுல முழுசா இருக்கு."

"இருக்க வேண்டிய எழுத்து இன்னதுதான்னு அறிஞர்கள் சொல்லியிருக்காங்க பாய். அதையும் சேர்த்தே எழுதிட்டேன். அச்சுல போடும்போது அதச் சதுர அடைப்புக்குறிக்குள்ள போடுவாங்க. களிமண்ணுல அடைப்புக்குறிக்கு எங்க போறது?"

அவர் பலகையைக் கீழே வைத்தார். "அடப்புக்குறி இல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியும், எது ராசா எழுதுனது, எது நீங்க எழுதுனதுன்னு? கண்ணு இருந்தாப் படத்தப் பாத்துக்கிருவேன். இப்ப நீங்க குடுக்கறதுதான எனக்கு. ஒடஞ்சத ஒடச்சுக் குடுங்க."

இந்த வேலையையும் நான் நிறையச் செய்தவன்தான். பழைய நிலப் பதிவேடு செல்லரித்துப் போனால் புதுப் பதிவேட்டுக்கு நகல் எடுப்போம். ஓட்டை விழுந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பக்கத்து வரியைப் பார்த்து நிரப்பி, கீழே உண்மை நகல் என்று கையெழுத்துப் போடுவோம். ஓட்டை இருந்ததற்கு அடையாளமே இருக்காது. எத்தனை பேருடைய நிலம் அந்த ஓட்டைகளில் விழுந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணச் சொல்லி எந்தப் படிவமும் வரவில்லை.

அங்கேயே ஓர் ஆணியை வாங்கி, மூன்றாவது வரியின் பிற்பாதியைச் சுரண்டி எடுத்தேன். பாய் தடவிப் பார்த்தார். எழுத்து நின்று, சொரசொரப்பு ஆரம்பிக்கிற இடத்தில் அவர் விரல் நின்றது. "இப்பத்தான் கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்வோம் என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. உடம்பு சரியாகட்டும் என்று சனிக்கிழமைக்குத் தள்ளினேன். சனிக்கிழமை மருமகள் வீட்டில் இருந்தாள். கூடுதல் விவரம் கோரி ஒரு கோப்பை எத்தனை வருடம் வேண்டுமானாலும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். எனக்கு அதில் தேர்ச்சி உண்டு. இப்படி ஏழு மாதம் போனது. இரண்டாம் பத்திக்கு வந்துவிட்டோம். அரசனுக்கு எதிராக நாட்டுக்கு நாடு ஆட்கள் கிளம்ப, ஒவ்வொருவரையும் பிடித்துக் கொன்றதாகவும், சிலருடைய மூக்கையும் காதையும் அறுத்ததாகவும் எழுதிக்கொண்டே போகிறான். ஒருவனுடைய கண்ணைத் தோண்டியதாக வருகிற வரியை நான் பலகையில் எழுதாமல் தள்ளி வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மருமகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"ராசா இருக்கட்டும். மொதல்ல இதப் படிங்க" என்று ஒரு சீட்டை நீட்டினார். "காலைல எந்திரிச்சதுலருந்து வலது கண்ணுல மின்னல் அடிச்சுச்சு. ஆட்டோ புடிச்சு இங்கன டாக்டர்ட்ட போயிட்டு வந்தேன். ஏதோ எழுதிக் குடுத்து, வீட்டுல படிச்சவக இருக்காகளான்னு கேட்டாரு. இருக்காகன்னு சொன்னேன்."

சீட்டை வாங்கினேன். எழுத்து எழுத்தாகப் படித்தேன். "வலது கண். விழித்திரை பிரிய ஆரம்பிச்சிருக்கு. மேக்குலா ஆன், அப்பிடின்னா நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. மதுரை. அர்ஜென்ட். கீழ ஒரு கோடு. இன்னைக்கேன்னு போட்டிருக்கு. பாய், இப்பவே கிளம்பணும். நான் காருக்குச் சொல்றேன்."

அவர் நகரவில்லை.

"அர்ஜென்ட்டுன்னு போட்டிருக்கா?"

"ஆமா."

"மேக்குலான்னு போன சீட்டுலயும் இருந்துச்சுல்ல. மதுரைல அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இதுவும் இருந்துச்சா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்குப் பதினைந்து பதில் தெரியும். ஆவணம் தற்சமயம் கைவசம் இல்லை. சரிபார்த்துத் தெரிவிக்கப்படும். நினைவில் உள்ளவரை. எல்லாம் வாய்க்கு வந்து நின்றன.

"இருந்துச்சு. ரெண்டு கோடு."

"நீங்க சொல்லல."

"சொல்லல."

"மறந்துட்டீகளா?"

எனக்குக் கதவு திறந்துவிட்டார் என்று அப்போதே புரிந்தது. ஆமாம் என்றால் முடிந்திருக்கும். வயதான ஆள் மறப்பான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"மறக்கல. பாத்தேன். ஆபீஸ்ல எல்லாக் காகிதத்துலயும் அவசரம்னு இருக்கும் பாய். அந்த மாதிரித்தான் இதுவும்னு விட்டுட்டேன்."

அவர் என் முகம் இருக்கும் பக்கமாகப் பார்த்தார். எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. "நான் அந்த அறுப்ப விட்டுருப்பேன்" என்றார். "பழம் வெடிச்சா வெடிச்சிட்டுப் போகுது. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கு உங்க வீட்டுலருந்தே பஸ் ஏறியிருப்பேன்." பிறகு, "மருமகளுக்குப் போனப் போடுங்க" என்றார்.

போனைப் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்தாள். கார் வந்தது. பின்சீட்டில் அவரும் அவளும். முன்னால் டிரைவர் பக்கத்தில் நான். தேனி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மருமகள் எதற்கோ என்னைக் கூப்பிட்டு, "நல்லவேள சார், நீங்க இருந்தீக" என்றாள். பாய் இருமினார். அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நானாவது அப்போது திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே அறுவை நடந்தது. நடுப்பகுதி தப்பியது என்றார்கள். தப்பியது என்றால், மகன் முகத்தை வீடியோவில் பார்த்து அடையாளம் சொல்வார். சாப்பாட்டுத் தட்டில் சோறும் கறியும் பிரித்துத் தெரியும். தனியாகத் தெருவில் போக முடியாது. கண்ணால் எழுத்துப் படிப்பது, எந்த நாட்டு எழுத்தானாலும், இனி கிடையாது.

ஒரு மாதம் நான் கம்பம் போகவில்லை. போன் வரவில்லை. எங்கள் வழக்கப்படி போன் வராவிட்டால் அவசரம் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு செவ்வாயும் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நேரம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கழற்றி வைப்பேன். ஐந்தாவது வாரம் அவரே கூப்பிட்டார்.

"என்ன, வரலயா?"

போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். வாங்க என்று மட்டும் சொன்னாள். 'சார்' சேர்க்கவில்லை. பாய் இந்த முறை அவளிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. காப்பி வந்தது, அவள் கொண்டுவரவில்லை, வேலைக்காரம்மா கொண்டுவந்தார். பாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். முன்னால் ஸ்டூலில் களிமண் பலகைகள் அடுக்கியிருந்தன.

"ஒரு ஏற்பாடு சொல்றேன் கேட்டுக்கங்க" என்றார். "கல்லுல உள்ளத நீங்க படிங்க. அதுல உங்களுக்கு மேல ஆள் கிடையாது. ஆசுபத்திரிக் காகிதம், மாத்திர அட்ட, பேங்குத் தபால் எது வந்தாலும் அவ படிப்பா. நீங்க கையில வாங்கக் கூடாது. நான் குடுத்தாலும் வாங்கக் கூடாது."

"சரி பாய்."

"கோவம்லாம் இல்ல தாசில்தாரே. நடமுறை."

நான் எத்தனையோ பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறேன். சொல்கிற பக்கம்தான் இதுவரை உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொண்ணு. கண்ணத் தோண்டுன வரிய நீங்க எழுதல. மொதல்லயே சொன்னீக, இந்தப் பத்தில அது வரும்னு. அடுத்த பலகைல எழுதிக் கொண்டாங்க. எனக்காக எதையும் விட வேணாம்."

சரி என்றேன். கொண்டுவந்திருந்த புதுப் பலகையை அவர் மடியில் வைத்தேன். விரலை முதல் எழுத்தில் கொண்டுபோய் வைக்கப் போனேன், வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு அவரே தேடிக் கண்டுபிடித்தார். அரசன் சொல்கிறான் என்று முழுதாகப் படித்தார். அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். கையில் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உறை. நான் இருப்பதைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றாள்.

"படிச்சிட்டு வா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் பாய், பலகையிலிருந்து விரலை எடுக்காமல். பிறகு என்ன நினைத்தாரோ, "இல்ல, இங்கனயே படி" என்றார்.

அவள் உறையைப் பிரிக்காமல் என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். நான் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் போய் நின்றேன்.